வெயிலுக்குப் போன வெள்ளைக் கார்

காரைத் தொலைத்தவர் முதலில் செய்யும் காரியம், கார் நின்ற இடத்தில் போய் நிற்பது. நான் பார்த்த அத்தனை பேரும் அப்படித்தான் செய்தார்கள். அந்த இடத்தில் ஒரு எண்ணெய்ப் பொட்டு இருக்கும். மழை நாளென்றால் நீளவாக்கில் கொஞ்சம் காய்ந்த தரை இருக்கும். அதன் நடுவில் நின்று கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் ஸ்டேஷன் படி ஏறுவார்கள்.

புதிதாகக் காக்கி போட்டிருக்கும் பிள்ளைகளே, அவர் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாலும் பாதி ஆள் இன்னும் அந்தக் காய்ந்த தரையில்தான் நிற்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முதலில் உட்காரச் சொல்லுங்கள். எங்கள் ஸ்டேஷனில் வருகிறவர்களுக்கென்று நான்கு நாற்காலிகள். ஒன்றுக்குக் கால் ஆடும். வருகிறவர் எப்போதும் சரியாக அதில்தான் போய் உட்காருவார். அதை மாற்றித் தரச் சொல்லி எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கு வைத்திருந்தேன். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. நான் ஓய்வு பெற்ற அன்றும் அது ஆடிக்கொண்டுதான் இருந்தது.

எனக்குச் சொந்த ஊர் கிழக்குப் பாலக்காட்டில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தென்னையும் நெல்லும் உள்ள குடும்பம். கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டுக் கேரள போலீசில் சேர்ந்தேன். பணிக்காலத்தில் முதல் பாதி சொந்த ஊரைச் சுற்றி, கடைசிப் பகுதி இடுக்கியில் ஏலக்காய் விளையும் வண்டன்மேட்டுப் பக்கம். இரண்டு இடத்திலும் புகார் சொல்ல வருகிறவர் தமிழில் சொல்வார், நாம் மலையாளத்தில் எழுதுவோம். இரண்டு இடத்திலும் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. காரைத் திருடுகிறவனுக்கு அந்தக் கொஞ்ச தூரம் போதும்.

ஆகையால் கார் காணோம் என்றதும் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தரப்படும். வண்டி எண், என்ஜின் எண், எந்தப் பக்கம் போயிருக்கும், எந்தக் கேமராவில் விழுந்திருக்கும், எந்தச் செக்போஸ்டுக்கு முதலில் போன் செய்வது என்பதெல்லாம் இப்போது உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. அதை நான் தொடவில்லை. தவணை கட்டாததால் பைனான்ஸ்காரர் எடுத்துப் போனாரா, இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது, மச்சான் கேட்காமல் எடுத்துப் போயிருப்பானா என்றும் கேட்பீர்கள். அதுவும் சரி. நான் பாலக்காட்டுப் பக்கம் வேலை பார்த்தபோது அகளியில் ஒருவர் கார் களவு போய்விட்டது என்று அழுதுகொண்டு வந்தார். ஏதோ ஒரு ஆபீஸின் முன்வாசல் வழியாக உள்ளே போய்ப் பின்வாசல் வழியாக வெளியே வந்து, தெரியாத தெருவில் நின்று தன் காரைத் தேடியிருக்கிறார். நாங்கள் அவரைத் திரும்ப உள்ளே கூட்டிப்போய் முன்வாசல் வழியாக வெளியே கொண்டுவந்தோம். கார் நின்றது. கனவிலிருந்து எழுந்தவர் மாதிரி எங்களைப் பார்த்தார். பிறகு எங்கள் மேல் கோபித்துக்கொண்டார்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வண்டிக்குள்ளே என்ன இருந்தது? அதை எதற்குக் கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் ஏலம் நடக்கும் நாளில் அந்தச் சின்னக் கடைவீதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலையில் சமதரை கிடையாது. உள்ள கொஞ்சம் இடத்தில் காரும் ஜீப்பும் ஒன்றன் பின் ஒன்றாக, மூச்சு விட இடமில்லாமல் நிற்கும். முன்னால் நிற்பவர் கிளம்ப வேண்டுமானால் பின்னால் உள்ள ஐந்தாறு வண்டிகளை நகர்த்த வேண்டும். அதற்காக அங்கே எல்லாரும் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். யாருக்கு அவசரமோ அவர் மற்ற வண்டிகளை எடுத்து ஓரம் கட்டிவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொள்வார். சாவியைக் கையோடு கொண்டு போகிறவரை ஊரே ஏசும். வந்த புதிதில் ஒரு நாள் நடந்துகொண்டே எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு வண்டிகள், முப்பத்தைந்தில் சாவி. மீதி இரண்டும் வெளியூர் வண்டிகள். பலமுறை எச்சரித்தேன். சிரித்தார்கள்.

அது சாரல் மாதம். பல நாட்களாக வெயில் என்பதே இல்லை. மூடுபனி ஸ்டேஷனுக்குள்ளேயே வந்து அலமாரிப் பக்கம் நின்றுவிட்டுப் போகும். காயப்போட்ட துணி எதுவும் காயாது. எங்கும் பச்சை ஏலக்காயும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம் பாண்டியன் என்பவர் வந்தார். நான்கு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கம்பத்திலிருந்து மலையேறிய குடும்பம். கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் சொன்னது இது. ஏலம் முடிந்து வெளியே வந்தால் தன் வெள்ளைக் காரைக் காணோம். அக்கம்பக்கம் விசாரித்தார். அடர்நீலச் சட்டை போட்ட ஒரு பையன் வந்து, அவசரமாகக் கிளம்ப வேண்டும் என்றானாம். இருந்தவர்கள் வழக்கம்போல மூன்று வண்டிகளை நகர்த்தி வழிவிட்டிருக்கிறார்கள். ஒருவர் பின்னால் நின்று, வா வா, ஒடி, இன்னும் ஒடி என்று கை காட்டி ரிவர்ஸ் எடுக்கவும் உதவியிருக்கிறார். அந்த ஒருவரும் பாண்டியனுடன் வந்திருந்தார். குற்றவாளியைப் போலத் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

வண்டி எண்ணை அவரே சொல்ல, எழுதிக்கொண்டேன். பிறகு கேட்டேன்.

"ஏனுங்க, வண்டிக்குள்ள என்னென்ன இருந்துதுங்க?"

"பெருசா ஒண்ணுமில்ல சார். குடை ஒண்ணு. சாம்பிள் காய் ஒரு பை. பிளாஸ்க்கு. பின்னாடி சீட்டுல அப்பாவோட கம்பளி..."

அங்கே நிறுத்தினார். நான் எழுதியதிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"அப்பா எங்கீங்க?"

"அவரு டீக்கடைக்குப் போயிருப்பாரு சார். எப்பவும் நான் ஏலத்துக்குள்ள போனதும் எறங்கி டீக்கடைக்குப் போயி ஒக்காந்துருவாரு."

"இன்னைக்கும் போனாருங்களா?"

அவர் போனை எடுத்தார். டீக்கடைக்காரர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பாண்டியனின் முகம்தான் தெரிந்தது. அன்று குளிர் அதிகம். பெரியவர் இறங்கவே இல்லை. பின் சீட்டில் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். கண்ணாடியெல்லாம் பனி படிந்து வெளுத்திருந்தது. எடுத்துப் போனவனுக்கும் தெரியவில்லை, வழிவிட்டவர்களுக்கும் தெரியவில்லை.

அவர் பெயர் சுருளியப்பன். எண்பது தாண்டியவர். ஒரு கண்ணில் பார்வை மங்கல், முட்டிவலி, கைத்தடி. திருடன் மலைப்பாதையில் எங்காவது அவரைக் கண்டுகொண்டு, பயத்தில் இறக்கி விட்டுவிட்டால், அந்தப் பனியில் யாரும் பார்க்கப் போவதில்லை. மலையில் பயந்தவன் கையில் இருக்கும் வண்டி எங்கே போய் முடியும் என்பதை நினைக்கவே வேண்டாம். கார் திருட்டு அந்த நிமிடத்தோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு அது ஒரு பெரியவரின் உயிர்.

எங்கள் ஸ்டேஷன் இருந்த ஊரிலிருந்து வெளியே போகும் பெரிய வழிகள் நான்கு. ஒவ்வொன்றாகப் போன் செய்தேன். நான்காவது, தமிழ்நாட்டுக்கு இறங்கும் மலைப்பாதையின் உச்சியில் உள்ள செக்போஸ்ட். அங்கே அன்று பணியில் இருந்தவள் ஒரு பெண் காவலர். பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கூட இருந்தது முட்டிவலிக்காரரான ஒரு ஹோம்கார்டு மட்டும். வண்டி எண்ணைச் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சாரே, இங்கதான் நிக்குது. ஒரு லாரி, ஒரு பஸ்ஸு, அதுக்குப் பின்னாடி. கட்ட எறங்கித்தான் இருக்கு."

மேலதிகாரிக்கு இன்னொரு போனில் சொன்னேன். அவர் மலையாளத்தில் ஒரே வாக்கியம் சொன்னார்: அங்கேயே நிறுத்து. அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தத் தடுப்புக் கட்டையைத் தாண்டிவிட்டால் எனக்கு அதிகாரமில்லாத மண். அதற்குப் பிறகு கடிதம் எழுத வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், காத்திருக்க வேண்டும். காரைப் பிடிக்க வேண்டுமென்றால் இதுதான் கடைசி இடம்.

ஆனால் அந்த இடம் எனக்குத் தெரியும். சாலை ஒரு பக்கம் சரிந்து இறங்குகிறது. ஓரத்தில் இடுப்புயரக் கல் வரிசை. அதற்கப்பால் வெறும் பனி. காருக்குப் பின்னால் வேறு வண்டி நிற்கவில்லை என்றாள். காக்கியைப் பார்த்து ஒருவன் ரிவர்ஸ் எடுத்தால், கை காட்டி ஒடிக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அப்போது எனக்குத் தண்ணீர் தெரிந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாய்க்கால் தண்ணீர். நான் பணியில் சேர்ந்த புதிது. திருட்டுக் கார் ஒன்றைப் பின்னால் ஜீப்பில் துரத்திக்கொண்டு வாய்க்கால் கரையில் போனோம். முன்னால் போன கார் ஒரு திருப்பத்தில், சிறகு முளைத்த மாதிரி, சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போனது. கார் கிடைத்தது. ஓட்டியவனை உயிரோடு எடுக்க முடியவில்லை. அன்று எங்களுக்குத் தலைமையாக வந்தவர் இடுப்புவரை நனைந்து கரையில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நாம தொரத்தாம இருந்திருந்தா, இந்நேரம் அவனே வேகத்தக் கொறச்சிருப்பான்." பெயர் சொல்லாமல் விடுகிறேன், அவருக்கு அது பிடிக்காது. நான் கற்றுக்கொண்ட பாடங்களில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

பெண் காவலரிடம் சொன்னேன்: போனை ஆன் செய்தபடியே சட்டைப்பையில் போட்டுக்கொள். டிரைவரைப் பார்க்காதே. பின் சீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், அவர் பக்கம் போய், எல்லாரிடமும் கேட்கிற மாதிரி ஏதாவது கேள். அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் பார்.

நானும் பாண்டியனும் போனில் காதை வைத்துக் கேட்டோம். துணி உரசும் சத்தம், லாரியின் உறுமல், வைப்பர் போய் வரும் சத்தம். பிறகு அவள் குரல்.

"எங்க தாத்தா போறீக, இந்த மழையில?"

"வெயில் காயப் போறோம்மா."

வயதான, சந்தோஷமான குரல். வைப்பர் நான்கு முறை போய் வந்தது.

"இது யாரு தாத்தா, பேரனா?"

"புது டிரைவரு. என் மகன் அனுப்புன புள்ள. மெதுவா ஓட்டுறான், பாத்துக்க."

பாண்டியன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு விரல்களுக்கு நடுவிலிருந்து பேசினார். ஒரு மாதமாகவே அப்பா கேட்டுக்கொண்டிருந்தாராம். மேலே இந்தக் குளிரில் எலும்பெல்லாம் நடுங்குகிறது, கீழே வெயில் அடிக்கிறது, என்னைக் கொஞ்ச நேரம் கூட்டிக்கொண்டுபோய் வெயிலில் உட்கார வை என்று. காய் எடுக்கிற நேரம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இவர் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்.

"கீழ எங்க போய் உட்காருவாருங்க?"

"கருப்பசாமி வளைவு சார். பனி முடியிற எடம் அதுதான். அதைத் தாண்டி அவரு நிக்காமப் போனதே கெடையாது. ஓட்டுறவன் நிறுத்தலேன்னா கதவத் தொறந்துருவாரு."

அந்த மலைப்பாதையில் ஏறினாலும் இறங்கினாலும் வண்டிக்காரர்கள் அந்தக் கருப்பசாமி முன்னால் நிறுத்தாமல் போக மாட்டார்கள். சூடம் காட்டி, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டுதான் அடுத்த வளைவு. லாரி நிற்கும், கல்யாண பஸ் நிற்கும். நான் பார்த்தவரை ஆம்புலன்ஸ் மட்டும் ஹாரன் அடித்து அனுமதி கேட்டுக்கொண்டு போகும்.

போனில் பெண் காவலர் திரும்ப வந்தாள். "லாரி போயிருச்சு சாரே. பஸ்ஸும் எடுக்கறான். அடுத்தது இவன்தான். கட்டய எறக்கியே வைக்கவா, தூக்கவா?"

மேசையில் மற்ற போன் திறந்தே கிடந்தது. அதில் மேலதிகாரி என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாண்டியன் என்னைப் பார்த்தார். அவர் அப்பாவைப் பற்றி அவர் சொன்ன ஒரு பழக்கமும், நான் கேட்ட ஒரு சந்தோஷமான குரலும்தான் என்னிடம் இருந்தன. கணக்கில் இதை நிரூபணம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

"தூக்கி உடும்மா," என்றேன்.

கட்டை ஏறும் கிறீச்சொலி போனில் கேட்டது. கார் போகும் சத்தம் கேட்கவில்லை. பனி அதை விழுங்கியிருக்கும்.

மேலதிகாரி அதற்குப் பிறகு சொன்னவற்றை எழுத வேண்டாம். எழுத்துமூலம் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தேன். அது வேறு. அப்போது செய்ய வேண்டியது ஒரு போன். கீழே தமிழ்நாட்டு ஸ்டேஷனில் எனக்குப் பழக்கமான ஏட்டு ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொல்லி, காக்கி இல்லாமல், ஜீப் இல்லாமல், வேட்டி கட்டிக்கொண்டு கருப்பசாமி வளைவுக்குப் போய்ச் சாமி கும்பிடுகிறவர் மாதிரி நிற்கச் சொன்னேன்.

"ஏண்ணே, எங்க ஊருல திருடன் பத்தலேன்னு ஒங்க ஊருலருந்து அனுப்பி வைக்கிறீகளாக்கும்," என்றார். ஆனால் கிளம்பிவிட்டார். பின்னால் வேட்டி உதறும் சத்தம் கேட்டது.

நானும் காக்கியை மாற்றிக்கொண்டேன். ஜீப் எடுக்காமல், ரிவர்ஸுக்குக் கை காட்டிய அந்த மனிதரின் காரிலேயே நானும் பாண்டியனும் போனோம். அவர் ஓட்டினார். பிராயச்சித்தம் செய்கிறவரைப் போல ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். செக்போஸ்டில் அந்தப் பெண் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அதற்குப் பிறகு உலகம் இல்லை. முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை. ஓரக் கற்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி, எங்களைப் பார்த்துவிட்டு மறைந்தன. எங்கோ ஒரு மாட்டின் மணி, மாடு தெரியவில்லை. நான் வளைவுகளை எண்ணினேன். ஒவ்வொரு வளைவிலும் ஓரக் கல் வரிசையில் புதிதாக உடைந்த இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லாதபோதெல்லாம் மூச்சு விட்டேன். நான்காவது வளைவில் ஒரு கல் குறைந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். இடைவெளியில் பாசி படிந்திருந்தது, பழைய உடைப்பு. திரும்ப ஏறிக் கதவைச் சாத்தினேன். ஒருவேளை நான் கட்டையை இறக்கியே வைத்திருக்க வேண்டுமோ என்று அந்தப் பனிக்குள் எத்தனை தடவை நினைத்தேன் என்பது மட்டும் கணக்கில் இல்லை.

ஏழாவது வளைவில் பனி மஞ்சளானது. எட்டாவதில் நூலாகப் பிரிந்தது. அடுத்து ஒரு திருப்பம், கண்கள் கூசிவிட்டன. கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் கிடந்தது. தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல், தகடு மாதிரி மின்னும் ஒரு குளம். இத்தனை நாட்கள் இவ்வளவு வெயிலை இங்கே வைத்துக்கொண்டா மேலே நாங்கள் நனைந்துகொண்டிருந்தோம் என்று தோன்றியது. அடுத்த வளைவில் வேல்கள் நட்ட கருப்பசாமி மேடையும் அதற்குப் பக்கத்தில் வெள்ளைக் காரும் தெரிந்தன. காரின் நான்கு கதவுகளும் திறந்திருந்தன.

கைப்பிடிச் சுவரின் மேல் ஒரே ஒரு தலைதான் தெரிந்தது. அடர்நீலச் சட்டை.

பாண்டியன் வண்டி நிற்கும் முன்னே கதவைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். இன்னொரு முறை எண்ணினேன். ஒன்று.

அப்போது சுவருக்கு மறுபக்கம், சிமெண்ட் மேடையில் மல்லாந்து படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றி முதலில் வெயிலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாராம். இப்போது நெஞ்சுக்கு முறை. நெற்றியில் பட்டையாகத் திருநீறு. இன்னும் நான்கடி தள்ளி, வேட்டி கட்டிய ஏட்டு தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டே கருப்பசாமியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு என்று எண்ணினேன். அதற்கு மேல் எண்ண எதுவும் இல்லை.

"வந்துட்டியா," என்றார் சுருளியப்பன் மகனிடம். "ஏலம் முடிஞ்சுருச்சா. இந்தத் தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் குடு. நல்லா ஓட்டுறான். நம்மகிட்டயே வச்சுக்குவோம்."

பாண்டியன் அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்து, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார்.

பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். என் பூட்ஸையோ முடிவெட்டையோ பார்த்து யாரென்று தெரிந்துகொண்டான். எழுந்து ஓடவில்லை. ஏன் என்பதற்குக் காரணம் எனக்கும் தெரிந்தது: பெரியவரின் இடது கை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. இறங்கும்போது தாங்கலுக்குப் பிடித்தது, சட்டையைக் கழற்றிய நேரம் தவிர விடவே இல்லை. பிறகு அவன் சொன்னான். கடைவீதியைத் தாண்டிய பிறகு, பின்னாலிருந்து ஒரு குரல், "வைப்பரப் போடுப்பா, எப்பிடி ஓட்டுவ?" என்றதாம். காரே பேசுகிறதென்று நினைத்து உயிர் போய்விட்டதாம். ஓரமாக நிறுத்தி அவரை இறக்கி விட்டுவிடலாம் என்று யோசித்திருக்கிறான். வெளியே பார்த்தால் பனி. பெரியவர் அதற்குள் எங்கே போக வேண்டும் என்று வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்ன இடத்தில் விட்டுவிட்டு அப்படியே போய்விடலாம் என்று ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

ஏட்டு என்னைப் பார்த்தார். அவர் எல்லை, அவர் கை வைக்க வேண்டிய ஆள். நான் பெரியவரைக் கண்ணால் காட்டினேன். ஏட்டு இன்னொரு தேங்காய்ச் சில்லை எடுத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தார். காவல் பயிற்சியில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஆள் ஓடியிருந்தால் நாங்கள் இருவரும் வேலை போய் வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் அந்த நேரம் ஒரு கையை இன்னொரு கையிலிருந்து பிரித்து எடுக்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்," என்றார் பெரியவர், யாரும் கேட்காமலே.

ஆகவே உட்கார்ந்தோம். கைப்பிடிச் சுவரில் வரிசையாக ஆறு பேர். நான், ஏட்டு, பாண்டியன், பெரியவர், பையன், ரிவர்ஸுக்குக் கை காட்டியவர். என் சட்டையிலிருந்து ஈரம் ஆவியாகப் போவதை நான் பார்த்தேன். மலைக்குக் கிழக்குச் சரிவு அது. மத்தியானம் சாய்ந்ததும் மேலிருந்து நிழல் இறங்க ஆரம்பிக்கும். எங்களுக்குப் பின்னால் வளைவு வளைவாக அது இறங்கி வருவதைப் பார்க்க முடிந்தது. கருப்பசாமியின் வேல் நுனியில் ஏறியது, மேடைக்கு வந்தது. எங்கள் கால்விரல்களைத் தொட்டதும் பெரியவரே எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

பாண்டியன் அவரைக் காரில் ஏற்றிக் கம்பளியைப் போர்த்தினார். பெரியவர் கண்ணாடியை இறக்கிப் பையனைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில வந்துரு தம்பி."

"சரிங்கய்யா," என்றான்.

வெள்ளைக் கார் ஏறிப் போய்ப் பனிக்குள் மறைந்தது. அதன் பிறகுதான் ஏட்டு அவன் தோளில் கை வைத்தார்.

வழக்கு எழுதினோம். அதில் நான் எதையும் மறைக்கவில்லை, எதையும் கூட்டவுமில்லை. பையன் தண்டனை அனுபவித்தான் என்று கேள்வி. இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. கட்டையைத் தூக்கச் சொன்னது சரியா என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்லபடியாக முடிந்ததால் அது சரியென்று ஆகிவிடாது. பெரியவர் செக்போஸ்டில் பயந்து கத்தியிருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன். அதுவும் தப்பாகப் போயிருக்கலாம். உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். வண்டி எண்ணைக் கேட்பதற்கு முன் வண்டிக்குள் என்ன இருந்தது என்று கேளுங்கள். சொல்லி முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருங்கள். முக்கியமானது கம்பளிக்கு அடுத்துத்தான் வரும்.

அந்தச் செக்போஸ்ட் பெண் இப்போது வேறு இடத்துக்கு மாறிவிட்டாள். எப்போதாவது போன் செய்வாள். அவள் அங்கே இருந்தவரை, சாரல் காலத்தில் வாரம் ஒரு முறை வெள்ளைக் கார் இறங்கும், பாண்டியன்தான் ஓட்டுவார் என்று சொன்னாள். கட்டைக்கு முன்னால் நின்றதும் பெரியவர் கண்ணாடியை இறக்கி, "அந்தப் புது டிரைவரு வேலைக்கு வந்துட்டானாம்மா?" என்று கேட்பாராம். பாண்டியன் முன்னால் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

"வந்துருவாரு தாத்தா," என்று சொல்லிவிட்டு, அவள் கட்டையைத் தூக்குவாளாம்.